கடலுக்குப் போனவர் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு விழாவிலே இதே மேடையில் நின்று சங்கத்தின் பேரால் நாம் ஒரு வாக்குக் கொடுத்தோம். எமது கரையிலிருந்து கடலுக்குப் போகும் படகு எது, அதில் ஏறியவர் யார் யார், எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்ற விபரமெல்லாம் கைத்தொலைபேசியிலேயே பதியத்தக்க ஒரு பதிவேட்டைச் செய்து தருவோம் என்றோம். வளிமண்டலவியல் திணைக்களம் காற்றெச்சரிக்கை விடுத்த மறுகணமே, இன்னும் வெளியில் நிற்பவர் யார் என்று கரையிலுள்ளோர் அறிய வேண்டும் என்பதே கருத்து. நீங்களும் பலமாகக் கரகோஷம் செய்தீர்கள். அதன்பின் பன்னிரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. பதிவேட்டைக் காணவில்லை.

"உடப்பிலே கணனி படித்த பிள்ளைகளுக்கு என்ன குறை? ஒரு மாத வேலைக்கு ஒரு வருஷமா?" என்று கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பேசிக்கொள்வது எம் செவியிலும் விழாமல் இல்லை. இளைஞர்களிலும் சிலருக்குக் கோபம். அவர்களுள் ஒருவர், வேலையைத் தம்மிடம் விட்டால் இரண்டு கிழமையில் முடித்துத் தருவதாக எழுத்திலேயே தந்திருக்கிறார். அவர் சொல்வது உண்மை. இரண்டு கிழமையில் முடித்துவிடலாம். அப்படி முடிந்துவிடக் கூடாது என்றுதான் நாம் தாமதித்தோம். அதன் நியாயத்தைச் சொல்லவே இன்று பேச இசைந்தோம்.

இந்தப் பன்னிரண்டு மாதத்தில் நாம் செய்த வேலையெல்லாம் இதோ இந்தக் கொப்பி ஒன்றுதான். எண்பது பக்கம். பாதிக்கு மேல் கேள்விகள். விடை எழுதிய கேள்விகளிலும் சிலவற்றை மறுபடி அடித்திருக்கிறோம். மீன் வாடை வீசுகிறது என்று எமது வீட்டார் இதை உள்ளே வைக்க விடுவதில்லை.

கணனித் துறையிலே 'தேவை வரையறை' என்று ஒரு தனிப் பகுதி உண்டு. செய்யப்போகும் பொருள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, யாருக்காகச் செய்ய வேண்டும் என்பவற்றை ஆராய்ந்து, எல்லோரும் ஒப்புக்கொண்டு, எழுத்தில் வைப்பதே அது. வீடு கட்டுமுன் மேசனிடம் அறை இரண்டா மூன்றா என்று பேசித் தீர்ப்பது போன்றது. ஆனால் வீடு கட்டுகிறவனுக்குத் தன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியும். மென்பொருள் வேண்டுகிறவனுக்கோ தனக்கு வேண்டியது இன்னதென்று பெரும்பாலும் முழுமையாகத் தெரிவதில்லை. தெரிந்ததையும் சொல்லத் தோன்றுவதில்லை. சொன்னதும் ஆறு மாதத்தில் மாறிவிடுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்தே 'நிச்சயமின்மை' என்கிறார்கள். அதனால் வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக்கொள்வதற்கு 'இடர் முகாமைத்துவம்' என்று பெயர். பெயர்தான் பெரிது. வானம் கறுத்திருக்கும்போது படகைத் தள்ளுவதா விடுவதா என்று கரையில் நிற்கும் எவனும் செய்வது இதுதானே!

தெரியாமை ஒரு குற்றமன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒரு வரியில் எழுதி, அதன்மேல் வேலையைக் கட்டிவிடுவதே குற்றம். அந்தக் குற்றத்தை நாமே ஒருமுறை செய்திருக்கிறோம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

படிப்பை முடித்து வந்த புதிதிலே, கரைவலைத் தொழில் செய்யும் ஒரு சம்மாட்டியாருக்குப் பங்குக் கணக்குப் பார்க்க ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். "மாமா, பங்கை எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "இதென்ன தம்பி கேள்வி! மீன் விற்ற காசிலே செலவைக் கழித்து, மிச்சத்தை எனக்கும் வலை இழுத்த ஆட்களுக்குமாகப் பிரிக்கிறதுதானே" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பத்து நாளில் வேலை முடிந்தது. இரண்டு கிழமை ஒழுங்காக ஓடியது. மூன்றாம் கிழமை ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கணனி அவருக்குப் பங்கில்லை என்று காட்டியது. சம்மாட்டியார் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சலிலே கிடக்கிறவனுக்குப் பங்கில்லை என்று யார் தம்பி சொன்னது?" என்றார். அடுத்த கிழமை, கணவனை இழந்த ஒரு தாயின் பங்கு வரவில்லை. அந்த அம்மா ஒருநாளும் வலை இழுத்தவரல்லர். ஆனால் அவர் கணவர் இருந்த காலத்து மரியாதையாக ஒரு சிறு பங்கு போய்க்கொண்டிருந்தது. அது எமக்கு எப்படித் தெரியும்? அதற்கடுத்த கிழமை முற்பணக் கடன் பிரச்சினை. ஒரு மாதத்தில் மென்பொருளை மூடிவிட்டுப் பழைய கொப்பியை எடுத்தார்கள்.

சம்மாட்டியார் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. மூச்சு விடுவதை யாரும் வேலைப் பட்டியலில் எழுதுவதில்லை அல்லவா? அதுபோல, அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயமே அவர் வாயில் வராத விஷயமாயிற்று. பிழை எம்முடையது. "எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்ட நாம், "எந்த நாளில் அப்படிப் பிரிக்க மாட்டீர்கள்?" என்று கேட்கவில்லை. அந்த அம்மா சங்கடத்தோடு வாசலில் வந்து நின்றது இன்றும் எம் கண்முன் நிற்கிறது.

எம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். 1996 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர் 'ஏரியன் 5' என்ற புதிய ரொக்கெட்டை முதன்முறையாக ஏவினார்கள். ஏறக்குறைய நாற்பது விநாடியில் அது திசை மாறி வானிலேயே சிதறிற்று. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயச் சென்ற நான்கு செய்மதிகளும் அதனோடு போயின. காரணத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் லியோன்ஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். குழு கண்டது யாதெனில், திசை காட்டும் கருவியின் மென்பொருளைப் பழைய ஏரியன் 4 இலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். பழைய ரொக்கெட்டின் பக்கவாட்டு வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாது என்று எண்ணி, அதைச் சார்ந்த ஓர் எண்ணுக்கு 32,767 வரையே கொள்ளும் ஒரு சிறு பெட்டியை ஒதுக்கியிருந்தார்கள். புதியதோ வேகமானது. எண் பெட்டிக்குள் அடங்கவில்லை. கருவி நின்றுவிட்டது. அதற்குத் துணையாக வைத்த இரண்டாவது கருவியிலும் இதே மென்பொருள்தான். ஆதலால் அதுவும் அவ்வாறே நின்றது. ஒரே கள்ளைக் குடித்த இரண்டு காவற்காரர்!

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மென்பொருள் எழுதியவர்களிடம் கேட்டதை அவர்கள் பிசகாமற் செய்திருந்தார்கள். புதிய ரொக்கெட்டு எந்தப் பாதையில் எவ்வளவு வேகமாகப் போகும் என்ற விபரம் அந்தக் கருவிக்கான தேவைப் பத்திரத்திலேயே சேர்க்கப்படவில்லை. இன்னும் வேடிக்கை, நின்றுபோன அந்தக் கணக்கு புதிய ரொக்கெட்டுக்குத் தரையை விட்டு எழுந்த பின் தேவையே இல்லை. "முன்பு இப்படித்தான் இருந்தது" என்ற எழுதாத நம்பிக்கை ஒன்று பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் பெட்டியோடு வந்துவிட்டது.

இனி எமது கடலுக்கு வருவோம்.

2017 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் வந்த ஒக்கிப் புயலை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. இலங்கையையும் அலைக்கழித்து, 30 ஆம் திகதி குமரி முனையின் தெற்கே புயலாக வலுத்து, அரபிக்கடலுக்குள் போயிற்று. அப்புறத்திலே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையூர்கள் பல. அவ்வூரார் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். போனால் நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்களிற் பலர் தொலைபேசிக்கு எட்டாத தூரத்தில் நின்றார்கள். கரையிலே அறிவித்த செய்தி கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

அதைவிட எம்மை உலுக்கியது பின்னால் நடந்தது. காணாமற் போனவர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அரசாங்கத்திடம் ஒரு கணக்கு, தேவாலயங்களிடம் ஒரு கணக்கு, மீனவர் சங்கங்களிடம் வேறொரு கணக்கு. நாளுக்கு நாள் எண்ணிக்கை மாறியது. கிழமைகள் சென்றும் ஒத்துவரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இன்ன படகில் இன்னார் போனார் என்று போகும்போதே எழுதி வைத்த ஏடு இல்லை. அன்றியும், பல படகுகள் காற்றோடு ஓடி லட்சத்தீவிலும், மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கியிருந்தன. வீட்டார் அழுதுகொண்டிருக்க, சிலர் நூற்றுக்கணக்கான மைலுக்கப்பால் யாரோ கொடுத்த சோற்றை உண்டு உயிரோடு இருந்தார்கள். வேறு சிலர் வரவே இல்லை. இவரில் எவர் எந்தப் பட்டியலில் என்று அறியாமலே தாய்மார் நாட்களைக் கழித்தார்கள்.

சென்ற ஆண்டு நாம் வாக்குக் கொடுத்தபோது எம் மனத்தில் இருந்த பதிவேட்டிலே இரண்டே நிலைதான் இருந்தன. 'போனார்', 'வந்தார்'. இரண்டு கிழமையில் முடிப்பேன் என்ற தம்பியின் பதிவேட்டிலும் அவைதாம். ஒக்கிக் காலத்துச் செய்திகளை மறுபடி எடுத்து வாசித்தபோதுதான் எமக்கு உறைத்தது. எமது படகுகள் பெரும்பாலும் போன மறுநாளே திரும்புபவை என்றாலும், காற்று மாறினால் சிலாபத்திலோ கற்பிட்டிப் பக்கமோ ஒதுங்குவது உண்டு. அப்படி ஒதுங்கியவர் 'வந்தார்' அல்லர், 'வரவில்லை' என்று பதறவும் வேண்டியவரல்லர். 'வேறு கரையில் இருக்கிறார், இன்னார் கண்டு சொன்னார்' என்பது மூன்றாவது நிலை. 'செய்தி இல்லை' என்பது நாலாவது. இந்த நாலாவதற்கு இடமில்லாத ஏடு என்ன செய்யும்? தெரியாத மனிதனை இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள் தள்ளும். யாரோ ஒரு சிறுவன் அவசரத்தில் 'வந்தார்' என்று அழுத்திவிட்டால், தேடப்போக வேண்டியவர்கள் வீட்டிலே படுத்து உறங்குவார்கள். ஏடே இல்லாதிருந்தால் ஒருவேளை யாராவது கரைக்கு வந்து பார்த்திருப்பார்கள். 'எல்லோரும் வந்துவிட்டனர்' என்று பொய் சொல்லும் ஏடு, இல்லாத ஏட்டைவிடக் கொடியது. நாம் தாமதித்ததற்கு முதற்காரணம் இதுவே.

ஒக்கிக்குப் பின் இந்தியாவிலே சும்மா இருந்துவிடவில்லை. தொலைபேசிக்கு எட்டாத ஆழ்கடலிலும் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்ற தேவையை முன்வைத்து, ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய அதிகாரசபையும் 2019 ஒக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தன. செய்மதி வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி மீனவனின் கைத்தொலைபேசிக்குக் கொடுக்கும். நல்ல கருவி. ஆனால் அது காது மட்டும் உள்ள கருவி, வாய் இல்லை. படகிலிருந்து ஒரு சொல்லும் அனுப்ப முடியாது. 'எச்சரிக்கை கடலுக்குப் போக வேண்டும்' என்பது ஒரு தேவை. 'கடலில் நிற்பவன் கதி கரைக்குத் தெரிய வேண்டும்' என்பது இன்னொரு தேவை. முதலாவதை நிறைவேற்றியவர்களைக் குறை சொல்ல நாம் யார்? இரண்டாவதையும் செய்யும் இருவழிக் கருவிகளை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கி, ஒரு லட்சம் படகுகளிற் பொருத்தும் திட்டத்தை இந்திய அரசு 2024 ஓகஸ்டில் தொடங்கிற்று. ஒரு தேவையை எழுதும்போது அதன் மறுபாதி பக்கத்திலேயே நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எமக்கு இதிலிருந்து வந்தது.

இந்த இடத்திலே அந்தத் தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும். ஆகையால் நாமே கேட்டுவிடுகிறோம். "சுனாமி வந்தபோது கொழும்பிலே மென்பொருள்காரர்கள் ஒரு வருஷம் கொப்பி எழுதிக்கொண்டா இருந்தார்கள்?" இல்லை. 2004 டிசம்பர் 26 இன் பேரழிவுக்குப் பின் சில நாட்களிலேயே தொண்டர்கள் கூடி, லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு 'சஹன' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி செய்யும் தாபனங்களின் பதிவு, எங்கே என்ன வேண்டும் என்ற கோரிக்கைகளின் பதிவு என்று தனித்தனிப் பகுதிகளாக எழுதினார்கள். யாருக்கு என்ன தேவை என்று அப்போது எவருக்கும் முழுதாகத் தெரியாது. காலையில் சொன்ன தேவை மாலையில் மாறும். ஆனாலும் எழுதினார்கள். பின்னர் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. எமது நாட்டுக்குப் பெருமை.

அவர்கள் காத்திருக்காதது சரி. நாம் காத்திருந்ததும் சரி என்றே நினைக்கிறோம். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிழைத்தால் யாருக்கு என்ன போகும்? அங்கே அழிவு முன்னரே நடந்துவிட்டது. அரைகுறை ஏடும் ஏடு இல்லாமைக்கு மேல். பிழையிருந்தால் மறுநாள் திருத்தலாம். பகுதி பகுதியாக இருந்ததால் ஒன்றைத் திருத்த மற்றொன்றைக் குலைக்க வேண்டியதும் இல்லை. எமது ஏடோ அழிவு நடக்குமுன் அதைத் தடுக்க எண்ணுவது. அதன் பிழை ஓர் உயிராக முடியக்கூடும். ஆனால் தம்பியின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முடிவுக்கு வந்தோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

சுனாமிக்குப் பின் வந்த படகுகளையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதிலுமிருந்து அன்பு பெருகிற்று. கண்ணாடியிழைப் படகுகளை அள்ளி வழங்கினார்கள். அவற்றிற் பல கடலுக்கு ஏற்ற தரமுடையனவல்ல என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எச்சரித்தது. 'மீனவனுக்குப் படகு வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதியவர்கள், எந்தக் கரைக்கு, எந்த அலைக்கு, எந்த வலைக்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்த தானம் கரையிலே கவிழ்ந்து கிடந்தது.

அடுத்தது எண் பற்றிய விஷயம். எமது கொப்பியின் ஐந்தாம் பக்கத்தில், 'படகு காலை ஆறு மணிக்குத் திரும்பும். ஆறரைக்குள் வராவிட்டால் மணி அடிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தோம். பெரியவர் ஒருவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, ஆறரைக்கு மணியடிக்கத் தொடங்கினால் ஒரு மாதத்தில் மணியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

அன்றிரவு எமக்குச் சந்திரயானின் ஞாபகம் வந்தது. இந்தியாவின் விக்ரம் என்ற இறங்குகலம் 2019 செப்டெம்பர் 7 ஆம் திகதி சந்திரனில் இறங்கும் தறுவாயில் விழுந்து நொறுங்கியது. அப்போதைய நிறுவனத் தலைவர் சோமநாத் 2023 இல் அதன் காரணத்தை மறைக்காமல் விளக்கினார். இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளோ அந்த வேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இறங்க வேண்டிய இடமாக வரையறுத்ததோ 500 மீற்றருக்கு 500 மீற்றர் என்ற சிறு சதுரம். இடம் சிறிது, எண்கள் இறுக்கம், விலகுவதற்கு வழியில்லை.

சந்திரயான் 3 ஐ ஆக்கியபோது கேள்வியையே மாற்றினார்கள். 'எப்படி வெற்றி பெறுவது?' என்று கேட்டு வரைந்த திட்டத்தை விட்டு, 'எதெது பிழைக்கும், பிழைத்தாலும் எப்படி இறங்குவது?' என்று கேட்டு வரைந்தார்கள். இறங்குமிடம் ஏறக்குறைய 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றராக விரிந்தது. எரிபொருளைக் கூட்டினார்கள். கால்களை, வேகமாக விழுந்தாலும் தாங்குமாறு பலப்படுத்தினார்கள். வேகத்தை அளக்க இன்னொரு கருவியைச் சேர்த்தார்கள். 2023 ஓகஸ்ட் 23 ஆம் திகதி அது பத்திரமாக இறங்கிற்று. அந்தத் திட்டப் பணிப்பாளர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. நிச்சயமில்லாத இடத்திலே ஒற்றை எண்ணை எழுதாமல், 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதும் துணிவு அவர்களுக்கு ஒரு தோல்விக்குப் பின்னரே வந்தது.

ஆகவே எமது ஐந்தாம் பக்கம் இப்போது மாறியிருக்கிறது. கடல் அமைதியான மாதங்களில் ஒரு வீச்சு, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறொரு வீச்சு. முதலில் மணியில்லை. படகுக்காரரின் வீட்டுக்கு ஓர் அழைப்பு மட்டும். அதற்குப் பின்னும் செய்தியில்லையானால் பக்கத்துக் கரைகளுக்கு அழைப்பு. அதன் பின்னரே மணி. மணி வீணாக அடித்தால் இரண்டு படகின் எண்ணெய்க் காசும் ஊராரின் நம்பிக்கையும் போகும். தாமதமாக அடித்தால் போவது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறோம். அதை எழுத எமக்கு யோக்கியதை இல்லை.

இப்படிக் கொப்பியின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு விஷயங்கள் உண்டு. இதைச் சொன்னவர் யார்? எவ்வளவு உறுதியாகச் சொன்னார்? இது பிழையானால் யார் பாதிக்கப்படுவார்? தெரியாததை யார், எந்த நாளுக்குள் விசாரித்து வருவார்? கடைசிக் கேள்விக்கு எதிரே பெயரில்லாத வரி ஒன்றேனும் இருந்தால் அந்தப் பகுதியை எழுதத் தொடங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அமெரிக்கரான பரி போம் என்ற அறிஞர் 1991 இல் மென்பொருள் வேலையின் பத்து இடர்களைப் பட்டியலிட்டார். வேண்டாததைச் செய்வது, ஓயாமல் மாறும் தேவைகள் என்பவற்றோடு 'பொன்முலாம் பூசுதல்' என்பதையும் சேர்த்தார். அதாவது ஒருவரும் கேளாத அலங்காரம். எமது இளைஞர்கள் மீன் விலையும், வானிலைப் படமும், படகுக்குப் படகு பாட்டனுப்பும் வசதியும் இந்த ஏட்டிலே வேண்டும் என்றார்கள். பாட்டை நாமே வெட்டினோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மறைக்கும் விஷயமும் ஒன்று உண்டு. நல்ல பார் ஒன்றைக் கண்டவன் அந்த இடத்தை ஏட்டிலே எழுதுவானா? எழுதமாட்டான். கட்டாயப்படுத்தினால் வேறோர் இடத்தை எழுதுவான். அந்தப் பொய்யை நம்பி நாம் வடக்கே தேடுவோம், அவன் தெற்கே தத்தளிப்பான். ஆகையால் இடத்தை எவரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்து, மணி அடித்தபின் மட்டும் திறப்பது என்று ஒரு யோசனை. பூட்டின் திறப்பு யாரிடம்? இந்தக் கேள்விக்கு எதிரே இன்னும் பெயரில்லை.

இதையெல்லாம் எழுதினாலும் எண்ணாதது ஒன்று வரத்தான் செய்யும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடெங்கும் சிரிப்பு. எமக்குப் பக்கத்திலே நுரைச்சோலையிலுள்ள பெரிய மின்நிலையமும் நின்று, பழைய நிலைக்கு வர நாட்கள் எடுத்தன. குரங்கு என்று எந்தக் கொப்பியில்தான் எழுதியிருப்பார்கள்! எழுதவும் தேவையில்லை. குரங்கோ, இடியோ, மரமோ, 'எக்காரணத்தாலோ மின்சாரம் நின்றால்' என்று எழுதினாற் போதும். அன்று மாலை வாடியில் இருந்த பாதித் தொலைபேசிகள் அணைந்து கிடந்ததைக் கண்ட பின்னர், எமது ஏட்டின் முதல் தேவையாக இதை எழுதினோம்: தொலைபேசி ஒன்றும் வேலை செய்யாத நாளிலும் வாடிச் சுவரிலுள்ள கரும்பலகையைப் பார்த்தால் யார் வெளியே நிற்கிறார் என்று தெரிய வேண்டும்.

அதிலிருந்தே மேலே சொன்ன முடிவு பிறந்தது. இரண்டு மாதமாக வாடியிலே அந்தக் கரும்பலகையை மாட்டி வைத்திருக்கிறோம். கணனி இல்லை, மென்பொருள் இல்லை. சோக்கட்டியால் நாலு நிலைகளையும் எழுதுகிறோம். தம்பியே தினமும் அதிகாலையில் வந்து எழுதுகிறார். இந்த இரண்டு மாதத்தில் கொப்பிக்குப் புதிதாக வந்த கேள்விகள் பதினேழு. கடைசி நேரத்தில் மாமனுக்குப் பதிலாக மருமகன் படகில் ஏறுவது, தாயிடம் சொல்லாமற் போகும் பையன், ஒரே பெயருடைய மூன்று பேர், 'வந்தார்' என்று யார் சொன்னால் நம்புவது என்பவை அவற்றிற் சில. ஒரு விடியலில் மூன்றாம் நிலையில் எழுதிய ஒரு படகைப் பற்றிய செய்தி பிழையாகிவிட்டது. நல்லவேளை, அன்று கடல் தட்டைப்போல் கிடந்தது. இரண்டு மணித்தியாலத்தில் அவர்களே வந்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலம் தம்பி கரையை விட்டு அசையவில்லை. அதன்பின் 'இரண்டு கிழமையில் முடிப்பேன்' என்ற கடிதத்தை அவரே வந்து திருப்பி வாங்கிக்கொண்டார்.

இப்போது வெறுமையாக நிற்கும் இடங்கள் மூன்று. எத்தனை மணிக்கு முதல் அழைப்பு, திறப்பு யாரிடம், 'வந்தார்' என்று சொல்லும் உரிமை யாருக்கு. ஆடித் திருவிழா முடிந்த முதல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாடியடியில் கொப்பியோடு இருப்போம். சம்மாட்டிமார் வர வேண்டும். படகுக்காரர் வர வேண்டும். தாய்மாரும் கட்டாயம் வர வேண்டும். எத்தனை மணிக்கு மனம் பதறத் தொடங்கும் என்பது ஆண்களைக் கேட்டு எழுதக்கூடிய எண் அல்ல. வர இயலாதவர்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பினாலும் எழுதிக்கொள்வோம், சொன்னவர் பெயரோடு.